கணவாய்க்கு அப்பால் யானைகள்

செங்குன்ற நாட்டில் எதற்கும் குறைவில்லை, தூக்கத்தைத் தவிர. அங்கே தெருமுனைக்கு ஒரு முரசு. எந்த முரசைச் சுற்றிக் கூட்டம் அதிகமோ, அந்த முரசுக்காரனுக்கு அரண்மனையில் மரியாதை. ஆகவே ஒருவன் "கணவாய்க்கு அப்பால் ஐம்பது போர் யானைகள்" என்று அறைந்தால், அடுத்த தெருக்காரன் ஐந்நூறு என்பான். மூன்றாமவன் அத்தனைக்கும் மதம் பிடிக்கவைத்துவிடுவான். கணவாய் அரை நாள் நடைதான். ஆனால் போய்ப் பார்ப்பது முரசை அவமதிப்பது என்பது அந்நாட்டு வழக்கம்.

பூங்கோதைக்குக் கைக்குழந்தை. முரசைக் கேட்டுக் கேட்டு அவளுக்குப் பால் வற்றிவிட்டது. ஊரில் மற்றத் தாய்மாருக்கும் அதே கதிதான். மாடுகள்கூட மிரண்டு கறவை நின்றுபோயிருந்தன. அவள் அரண்மனைக்குப் போனாள்.

"ஐயா, முரசைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. பயத்துல எனக்குப் பாலே ஊற மாட்டேங்குது. புள்ள அழக்கூடத் தெம்பில்லாமக் கெடக்கு."

அரசர் மனம் இளகினார். அன்றே அச்சத் தணிப்பு அமைச்சகம் பிறந்தது. அமைச்சர் அறிவுடைநம்பி தொண்டையைச் செருமினார்.

"முரசை நிறுத்தினால் யானை வருவது நமக்கு எப்படித் தெரியும்? எனவே ஒவ்வொரு செய்தியின் முடிவிலும் 'பயப்படாதீர்கள்' என்று அறைய வேண்டும். இது அரசாணை."

சில நாட்களில் 'பயப்படாதீர்கள்' என்ற சொல்லைக் கேட்டாலே பிள்ளைகள் அம்மாவின் சேலைக்குள் ஒளிந்தார்கள்.

அமைச்சர் மறுபடியும் யோசித்தார். "தனித்தனியாகக் கேட்பதால்தான் பயம். இனி விடிந்ததும் எல்லாரும் சதுக்கத்தில் கூடி, எல்லா முரசுகளையும் ஒருசேரக் கேட்க வேண்டும். பயம் பங்கிடப்பட்டுக் குறையும்."

குறையவில்லை. ஆளாளுக்கு அடுத்தவர் பயத்தையும் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பூங்கோதையின் குழந்தை கஞ்சித் தண்ணீரையும் கக்கியது. அவளுக்கு வெறுத்துப்போயிற்று. எந்த யானை மிதித்தாலும் மிதிக்கட்டும் என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு கணவாய்க்கு நடந்தாள்.

அங்கே யானை இல்லை. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் இந்தப் பக்கமே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க யானையெல்லாம் எங்கக்கா?" என்றாள் அவள்.

"எங்க யானையா? ஒங்க ஊர்ல இருக்குன்னுல்ல சொன்னாங்க."

"எங்ககிட்ட ஆடுதான் இருக்கு. போன வாரந்தான் எங்க ஊர்ல முரசு வச்சாங்க. அன்னைலேர்ந்து ஒரே யானைப் பேச்சு." அவள் பூங்கோதையின் குழந்தையைப் பார்த்தாள். "என்னக்கா, இப்படி வாடிக் கெடக்கு? இங்க குடு."

வாங்கித் தன் மார்பில் வைத்துக்கொண்டாள். குழந்தை குடித்தது. பூங்கோதை விம்மி விம்மி அழுதாள். திரும்பும் வழியில் அவளுக்கே மார்பு கனத்து ரவிக்கை நனைந்தது.

சதுக்கத்தில் நின்று எல்லாரிடமும் சொன்னாள். "யானையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நானே பார்த்துட்டு வர்றேன். அந்த ஊர்ப் பொண்ணு ஒருத்தி எம் புள்ளைக்குப் பால் குடுத்தா."

ஊர் மூச்சு விட்டது. ஒருவர் சிரிக்கக்கூடச் செய்தார். அதற்குள் முதல் முரசு அதிர்ந்தது.

"எதிரி நாட்டுக்காரி நம் குழந்தைக்கு எதையோ புகட்டினாள்!"

அடுத்த தெருவில் அது நஞ்சாயிற்று. அதற்கடுத்த தெருவில், மெல்லக் கொல்லும் நஞ்சு. மக்களின் மன நிம்மதிக்காகக் கணவாய் அடைக்கப்படுவதாக அமைச்சர் அறிவித்தார்.

பூங்கோதையின் மடியில் குழந்தை வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"என்னடி, இவ்வளவு நேரமாத் தூங்குது?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

பூங்கோதை குழந்தையைப் பார்த்தாள். முரசு "பயப்படாதீர்கள்" என்றது. அவள் குழந்தையை உலுக்கினாள். அது கண் திறக்கும்வரை உலுக்கினாள். திறந்ததும் வீறிட்டு அழுதது. அவசரமாக மார்பில் வைத்தாள்.

பால் வரவில்லை.