இரண்டாம் சாவிப் படலம்

முடங்கிய முழங்கால்களை மடக்கி நிமிர்த்தும் வித்தகியும், வீடு வீடாகச் சென்று படுத்தவரை நடக்கவைக்கும் பெருந்தகையும், கணக்கு வாத்தியார் ஒருவரின் இல்லத்தரசியுமான பிசியோதெரபிஸ்ட் அம்மையாரின் திருத்தோள்கள் வாழ்க. அத்தோள்கள் இன்சூரன்ஸ் கம்பெனியை வென்ற வரலாற்றைச் சொல்கிறேன்.

அம்மையார் ஒரு நோயாளியின் வீட்டு மாடியில் "இன்னும் பத்து தடவை" என்று ஆணையிட்டுக்கொண்டிருந்த வேளையில், மதங்கொண்ட களிறெனப் பின்னோக்கி உருண்ட செங்கல் லாரியொன்று, வாசலில் நின்ற அவருடைய சிவப்புக் காரின்மீது ஏறி அமர்ந்தது. முகம் நசுங்கி, விளக்குக் கண்ணிரண்டும் சிதறி வீழ்ந்த அவ்வாகனத்தை இன்சூரன்ஸ் சர்வேயர் ஒருமுறை வலம்வந்து, 'டோட்டல் லாஸ்' என்று இரண்டே சொல்லில் இரங்கற்பா பாடிப்போனார்.

கையொப்பக் கணைகளைப் படிவப் படைமீது பொழிந்து, காத்திருப்போர்க்கென்று போனில் ஒலிக்கும் இசையைக் கனவிலும் முணுமுணுக்கக் கற்று, பதினோராம் நாள் வெற்றியின் வாயிலை எய்தினார் அம்மையார். அங்கே நின்றது விதி.

"எல்லாம் சரியா இருக்கு மேடம். ரெண்டு சாவியையும் கொடுத்துட்டா முடிஞ்சிடும்" என்றார் கிளெய்ம் அதிகாரி.

"ஒண்ணுதாங்க இருக்கு."

"ரெண்டும் வேணும். இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள வரலைன்னா ஃபைலை மூடிடுவாங்க. மறுபடி மொதல்லேர்ந்து வரணும்."

"வண்டியே தகடா கிடக்குது. அதை யாருங்க ஓட்டிட்டுப் போகப் போறாங்க?"

"ரூல் மேடம்."

மூண்டது இல்லப்போர். அலமாரிக் கோட்டைகள் தகர்ந்தன. மேசை இழுப்பறைகள் குடல் சரிந்து கிடந்தன. காணாமற்போன நகவெட்டிகள் மூன்றும் சிறைமீண்டன. சாவி மட்டும் வரவில்லை. "உங்கிட்டதான் கொடுத்தேன்" என்று வாத்தியார் முழங்க, "எந்தத் தேதியில?" என்று அம்மையார் எதிர்க்கணை தொடுக்க, வாத்தியார் புரட்டிக்கொண்டிருந்த மெத்தையைத் திடீரெனக் கைவிட்டு நிமிர்ந்தார்.

"தொலைஞ்சிடக் கூடாதுன்னு கார்லயே வெச்சியே. டேஷ்போர்டு பெட்டியில."

அதைத் திரும்பச் சொல்லாத பேரறிவால் அவர் உயிர்தப்பினார்.

மணி நான்கு பத்துக்கு இருவரும் தம் கார் கிடந்த பழைய வண்டிகளின் மயானம் புகுந்தனர். நசுங்கிய பெட்டியோ, கருமியின் வாயென இறுகிக் கிடந்தது. வாத்தியார் இழுத்துத் தோற்றார். கடப்பாரையோடு வந்த காவலாளியும், "இது தொறக்காதுக்கா, விட்டுடுங்க" என்று ஆயுதம் துறந்தார்.

அம்மையார் சேலைத்தலைப்பைச் செருகினார். எத்தனை முழங்கால்கள் இவ்வாறே 'மடங்கமாட்டேன்' என்று அவரிடம் வீரம் பேசியிருக்கின்றன. ஒரு கையால் பெட்டியின் அடியைத் தாங்கி, மறுகையால் மூடியைப் பற்றி, "ஒண்ணுமில்ல. மெதுவா. மூச்சை விடுங்க. வலிக்காது" என்று நோயாளியிடம் சொல்வதுபோலவே அதனிடம் சொன்னார். காவலாளி தம்மையறியாமல் மூச்சை விட்டார். வலப்புறம் ஒரு சுழற்று, மேலே ஓர் உலுக்கு: படீரென்று வாய்பிளந்தது பெட்டி. உலர்ந்த பேனாக்களும் பழைய ரசீதுகளும் புடைசூழ, கதிரவனெனப் புறப்பட்டது இரண்டாம் சாவி. வாத்தியார் கைதட்டினார், காவலாளி தம் தோள்பட்டை வலியைப் பற்றி மெல்லப் பேச்செடுத்தார்.

நான்கு ஐம்பத்தெட்டுக்கு, தலைமுடியெங்கும் கண்ணாடித்தூள் மணிமுடியென மின்ன, கம்பெனியின் நெடுங்கதவைத் தள்ளித் திறந்து, சாவியிரண்டையும் மேசைமீது வைத்து நின்றார் வீரத்தலைவி. அதிகாரி எழுந்தே நின்றுவிட்டார். முத்திரை இடியென இறங்கியது, கோப்பு நிறைவுற்றது, மின்விசிறிகள் வெண்சாமரம் வீசின.

மறுநாள் காலையில் அம்மையார் பஸ்ஸில் வேலைக்குப் போனார்.