இரண்டாம் முறை விரிந்த மஞ்சள் குடை

விலாவில் மனைவியின் முழங்கை இறங்கிய பிறகுதான், படம் தொடங்கிவிட்ட விஷயமே சாய்மானத்துக்குத் தெரிந்தது. கண்ணைத் திறந்தார். அரங்கில் விளக்குகள் எரிந்தன. எல்லோரும் எழுந்து கதவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"முடிஞ்சிருச்சா?" என்றார்.

"இன்டர்வல்" என்றாள் மனைவி. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதால் வார்த்தை பாதிதான் வெளியே வந்தது.

சாய்மானம் என்பது மெத்தைக் கம்பெனியில் அவருக்கு வைத்திருந்த பெயர். சுவரோ, தூணோ, முதுகுக்கு ஏதாவது அகப்பட்டால் போதும், மனிதர் போய்விடுவார். வேலையும் அதற்குத் தோதானதுதான். தரப் பரிசோதகர். எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே பஞ்சு திரண்டிருக்கிறது என்று ஒவ்வொரு மெத்தையையும் அழுத்திப் பார்த்து, படுத்துப் பார்த்து, சரி என்றால் சீட்டு ஒட்ட வேண்டும்.

ஊருக்கெல்லாம் மெத்தை பார்த்துக் கொடுக்கிறவருக்கு வீட்டில் மெத்தை கிடையாது. மூன்று வருடமாக ஹால் சோபாவில், காலை மடக்கிக்கொண்டு படுக்கை. மனைவி மகளோடு சின்ன அறையில் ஒதுங்கிக்கொண்டாள். பெரிய அறை மச்சினன் வசம் இருந்தது.

மச்சினன் சினிமா டைரக்டர். அதாவது, டைரக்டர் ஆவதற்காக ஒரு மாதம் மட்டும் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்தவன். சுவர் முழுக்க அம்புக்குறி போட்ட காகிதங்களை ஒட்டிவைத்துக்கொண்டு, நடுவில் படுத்து, காலத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தான். கடைசியில் முதுகுவலி தாங்காமல் சாய்மானமே அவனைத் தன் முதலாளியிடம் அழைத்துப் போனார். முதலாளிக்கு வெகுநாளாகவே சினிமா ஆசை. பணம் போடச் சம்மதித்தார். கதை கேட்க மட்டும் மறுத்துவிட்டார். கதையைக் கேட்டுவிட்டால் அப்புறம் ரசிகனாக உட்கார்ந்து பார்க்க முடியாதாம்.

அந்தப் படம்தான் இது. ஒரு போலீஸ்காரன் காலத்தில் பின்னோக்கிப் போய்க் கொலைகாரனைப் பிடிக்கிறான் என்பதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. பெயர்கள்கூட இன்னும் சேர்க்காத பிரதி. முதல் பாதி ஒரு பெட்டி, இரண்டாம் பாதி ஒரு பெட்டி என்று மச்சினன் காலையில் குழந்தையைத் தூக்குவது போல் தூக்கிவந்து ஆபரேட்டரிடம் கொடுத்துவிட்டு, வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் போய் நின்றுகொண்டான். தன் படத்தைத் தானே பார்த்தால் ராசியில்லை என்பது அவன் கட்சி.

முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார். கம்பெனி ஆட்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் பிடித்தால் ரிலீஸ். பிடிக்காவிட்டால் பூட்டு. ரிலீஸ் என்றால் மச்சினன் தனி வீடு பார்த்துக்கொள்வான். பூட்டு என்றால் அடுத்த கதையை யோசிக்க அதே அறைக்குள் திரும்பிப் போய்ப் படுப்பான்.

"முதலாளி உங்களைத்தான் முதல்ல கேப்பார்" என்றாள் மனைவி. "என் தம்பியைக் கூட்டிட்டுப் போனது நீங்கதானே? மிச்சத்தையாவது முழிச்சிருந்து பாருங்க."

"இதுவரைக்கும் என்ன ஆச்சுன்னு சுருக்கமாச் சொல்லேன்."

"சுருக்கமாச் சொல்ற மாதிரியா என் தம்பி படம் எடுப்பான்?"

விளக்கு அணைந்தது. சாய்மானம் தொடையைக் கிள்ளிக்கொண்டே பார்த்தார். ஆச்சரியம், எல்லாம் புரிந்தது. போலீஸ்காரன் ஒருவன் பல் தேய்த்துக்கொண்டே முதல் நாள் வேலைக்குக் கிளம்புகிறான். இன்டர்வலுக்கு அப்புறம் முதல் நாளா என்று கொஞ்சம் யோசித்தார். காலப்பயணப் படம் அல்லவா, பின்னால் போய்விட்டான் போலிருக்கிறது என்று சமாதானமானார். மழை பெய்தது. லிஃப்டில் ஒரு பிணம் கிடந்தது. பக்கத்தில் ஒரு மஞ்சள் குடை தானாக விரிந்தது. செத்தவர் வீட்டில் ஒரு பழைய ஃபிரிட்ஜ். பால் பாக்கெட்டை நகர்த்திவிட்டு உள்ளே ஏறி நின்றால் நேற்றைக்குப் போய்விடலாம் என்று போலீஸ்காரன் கண்டுபிடிக்கிறான். ஏறுகிறான். கதவு மூடுகிறது. இருட்டு.

அவ்வளவுதான். விளக்கு எரிந்தது. கொலைகாரன் யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு முதல் வரிசையில் முதலாளி எழுந்து நின்று கை தட்டினார். மொத்தக் கூட்டமும் எழுந்து தட்டியது.

முன்கூடத்தில் முதலாளியைச் சுற்றி ஆளாளுக்கு அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாய்மானம் தூணுக்குப் பின்னால் நின்று காதைத் தீட்டிக்கொண்டார்.

"அந்தக் குடை சார்" என்றார் அக்கவுன்டன்ட், நெஞ்சில் கை வைத்து. "முதல் தடவை விரியறப்போ அது வெறும் குடை. ரெண்டாவது தடவை விரியறப்போ எனக்கு அடிவயிறு கலங்கிருச்சு. அதே குடைதான். ஆனா அதே குடை இல்லை."

தையல் பிரிவு மேற்பார்வையாளர் அம்மாள், பல் தேய்க்கிற காட்சி மறுபடி வந்தபோது அழுதுவிட்டதாகச் சொன்னாள். முதல் முறை அவன் ஒன்றும் தெரியாமல் தேய்க்கிறானாம். இரண்டாம் முறை எல்லாம் தெரிந்தே தேய்க்கிறானாம். அந்தக் கண்ணைப் பார்க்க வேண்டுமாம். வாட்ச்மேன் ஒருபடி மேலே போனார். முதல் முறை வலது கையால் தேய்த்தவன் இரண்டாம் முறை இடது கையால் தேய்த்ததைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்தார்.

சாய்மானத்துக்கு அப்போதுதான் உறைத்தது. குடையும் பல்லும் முதல் பாதியிலும் வந்திருக்கின்றன. அவர் குறட்டை விட்ட நேரத்தில்.

"நீ ஏம்பா தூணுக்குப் பின்னாடி நிக்கிறே? நீ சொல்லு" என்றார் முதலாளி.

வாயில் வந்த உண்மையைச் சொன்னார். "நேராப் போச்சு சார். குழப்பமே இல்லை."

முதலாளியின் முகம் காற்றுப் போன தலையணை மாதிரி ஆனது. தனக்கே தலை சுற்றுகிறது, இவனுக்குக் குழப்பமே இல்லையா என்று கேட்டார். "அவருக்கு ஒரு தடவை பாத்தாலே போதும் போல" என்று அக்கவுன்டன்ட் மெதுவாகச் சிரித்தார்.

மனைவி அவர் காலை மிதித்தாள். சாய்மானம் அவசரமாகச் சரிசெய்யப் பார்த்தார். மேலாகப் பார்த்தால் நேராகத்தான் தெரியும், உள்ளே கையை விட்டுப் பார்த்தால்தான் எங்கெங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது என்று தெரியும் என்றார். மெத்தைக்குச் சொல்வதுதான். அகப்பட்டதைச் சொன்னார்.

முதலாளி அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். "அப்போ நீ உள்ளே பாத்திருக்கே. ஒரு தையல் விட்டாலும் கண்டுபிடிக்கிற கண்ணு இல்லையா அது. முதல் தடவைக்கும் ரெண்டாவது தடவைக்கும் என்ன வித்தியாசம்னு நாளைக்கு மீட்டிங்ல நீதான் சொல்றே. கொலைகாரன் அதுக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கான். சொல்லிட்டா ரிலீஸ். சொல்லலேன்னா பூட்டு. எனக்கே புரியாத சரக்கை நான் எப்படிப்பா விக்கிறது?"

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சாய்மானம் மனைவியைக் குடைந்தார். முதல் பாதியில் வந்த குடைக்கும் இரண்டாம் பாதியில் வந்த குடைக்கும் என்ன வித்தியாசம்? அதே மாதிரிதான் இருக்கும், ஆனால் வேறு என்றாள் அவள். வேறு என்றால் எப்படி? அதை உணர வேண்டும் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மிச்சம் இருந்தது மச்சினன் ஒருவன்தான். தூங்கியது தெரியாமல் அவனிடம் விஷயத்தைக் கறக்க வேண்டும். சாப்பாட்டு மேஜையில் எதிரே உட்கார்ந்தார்.

"குடை ரெண்டாவது தடவை விரியுது பாரு, அங்கேதான் நீ நிக்கிறேன்னு எல்லாரும் சொல்றாங்க" என்று ஆரம்பித்தார்.

மச்சினன் மெல்லுவதை நிறுத்தினான். "ரெண்டாவது தடவையா?"

"ஆமா. முதல் தடவை மாதிரி இல்லையாமே. எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஆனா நீ என்ன நினைச்சு வெச்சேன்னு உன் வாயால கேக்கணும்."

அவன் அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான், கிண்டல் செய்கிறாரா என்று பார்ப்பது போல. பிறகு தண்ணீர் குடித்தான். "நீங்களே சொல்லுங்க மாமா. உங்களுக்கு என்ன தோணுச்சு?"

"நீ முதல்ல சொல்லு."

"பெரியவங்க நீங்க சொல்லுங்க."

இருவரும் மாறி மாறி உபசாரம் செய்துகொண்டதில் சாப்பாடு ஆறிப்போனது. கடைசியில் மச்சினன் எழுந்து கை கழுவினான். ஒரு படைப்பாளி தன் படைப்பை விளக்கவே கூடாது என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளே அவன் குறுக்கும் நெடுக்கும் நடக்கிற சத்தம் கேட்டது. சாய்மானம் சோபாவில் காலை மடக்கினார். வாழ்க்கையில் முதல் முறையாக அவருக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் மீட்டிங், விற்பனைக் கூடத்தில். ஆளுக்கொரு மெத்தையில் உட்கார்ந்திருந்தார்கள். மச்சினனும் வந்து ஒரு ஓரமாக, முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தான். வலது கையா இடது கையா என்று வாட்ச்மேனும் அக்கவுன்டன்ட்டும் முட்டிக்கொண்டார்கள். குடையின் கைப்பிடி திசை மாறியிருந்தது என்று மேற்பார்வையாளர் அம்மாள் புதிதாக ஒன்றைச் சொன்னாள். முதலாளி கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார்.

"பரிசோதகர் சொல்லட்டும்."

சாய்மானம் எழுந்தார். சாய்ந்துகொள்ள ஒன்றும் இல்லை. அவருக்கு நினைவில் நின்றது ஒரே ஒரு பொருள். அதைப் பிடித்துக்கொண்டார்.

"பால் பாக்கெட் சார்."

"எந்தப் பால்?"

"ரெண்டாவது தடவை ஃபிரிட்ஜ்ல ஒரு பால் பாக்கெட் இருக்கு. முதல் தடவை..." முதலாளியின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். "இல்லை."

இனி பின்வாங்க வழியில்லை. கண்ணை மூடிக்கொண்டு மேலே போனார். "நடுவுல பாலை வெச்சது யாரு? அவன்தான் கொலைகாரன்."

முதலாளி உட்கார்ந்திருந்த மெத்தையிலேயே எழுந்து நின்றுவிட்டார். நின்ற இடத்தில் லேசாக ஆடினார். அக்கவுன்டன்ட் மட்டும், பால் இரண்டு தடவையும் இருந்த மாதிரி ஞாபகம் என்று முனகினார். இல்லவே இல்லை என்று மேற்பார்வையாளர் அம்மாள் பாய்ந்தாள். முதல் தடவை அந்த இடம் வெறிச்சென்று இருந்ததாம். பார்த்ததும் மனசுக்கு என்னவோ போல ஆனதாம். ஏன் என்று இப்போதுதான் புரிகிறதாம். வாட்ச்மேனும் அந்த வெற்றிடத்தைத் தன் கண்ணால் பார்த்திருந்தார். கடைசியில் அக்கவுன்டன்ட்டுக்கும் பால் இல்லாதது நினைவுக்கு வந்துவிட்டது.

"ஏம்பா டைரக்டர், சரிதானா?" என்றார் முதலாளி.

மச்சினன் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். "மாமா கண்ணுக்கு எதுவும் தப்பாது சார்" என்றான். குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

ரிலீஸ் என்று முதலாளி அந்த இடத்திலேயே அறிவித்தார். அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்று மாலையே பத்திரிகைக்காரர்களுக்கும் தியேட்டர்காரர்களுக்கும் படத்தைப் போட்டுக் காட்டுவது என்று ஏற்பாடு செய்தார். படம் தொடங்குமுன் சாய்மானம் மேடையேறிப் பால் விஷயத்தைச் சொல்ல வேண்டும். முதல் தடவை ஃபிரிட்ஜ் திறக்கும்போது பால் இல்லாததை எல்லோரும் கவனித்துப் பார்க்க வேண்டும். போஸ்டரிலும் பால் பாக்கெட்தான்.

முதல் பாதி ஃபிரிட்ஜில் பால் இருந்து தொலைத்தால்? ஊர் சிரிக்கும். முதலாளி மேடையிலேயே பூட்டைப் போடுவார்.

சாய்மானம் கம்பெனியிலிருந்து நேராகத் தியேட்டருக்கு ஓடினார். ஓடும்போது மனைவி போனில் வந்தாள். இப்படிக் குழைவாக அவள் பேசி மூன்று வருடம் இருக்கும். தம்பி பெட்டி கட்டிவிட்டானாம். சுவரில் இருந்த அம்புக்குறிகளை எல்லாம் அவளே கிழித்துப் போட்டுவிட்டாளாம். புது விரிப்புப் போட்டுத் தலையணை உறையும் மாற்றிவிட்டாளாம்.

"சீக்கிரம் வந்துருங்க" என்றாள்.

தியேட்டர் ஏற்கெனவே நிரம்பிக்கொண்டிருந்தது. முதலாளி மைக்கைத் தட்டிச் சோதிக்கிற சத்தம் படிக்கட்டு வரை கேட்டது. சாய்மானம் ஆபரேட்டர் அறைக்கு மூச்சு வாங்க ஏறினார். உள்ளே நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நடுத்தர வயதுக்காரர் ஒருவர் பெட்டிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். சாய்மானத்தின் சட்டையில் இருந்த கம்பெனி அட்டையைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"ஒண்ணும் பெரிய விஷயம் இல்லைங்க" என்றார் சாய்மானம் கெஞ்சலாக. "இன்டர்வலுக்கு முன்னாடி ஃபிரிட்ஜ் திறக்கிற இடம் வருமே, அதை மட்டும் ஒரு தடவை போட்டுக் காட்டுங்க. இன்டர்வலுக்குப் பின்னாடி வர்ற ஃபிரிட்ஜுக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்னு நான் தெரிஞ்சுக்கணும். அவ்வளவுதான்."

ஆபரேட்டர் இரண்டு கையையும் கூப்பினார்.

"எங்க ஓனர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார்" என்றார். "நேத்து இன்டர்வலுக்கு அப்புறமும் கை தவறி முதல் பாதியையே போட்டுட்டேன்; யாராவது கத்துவீங்கன்னு வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தா எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டிட்டீங்க, அதான் கேக்கறேன், இன்னிக்கு ரெண்டாவது பாதியைப் போடட்டுமா, இல்லே அதையே மறுபடியும் போட்டுடவா?"