எட்டுப் புள்ளி மாப்பிள்ளை

"கோப்பை எங்க?" என்றார் கணக்கு வாத்தியார்.

பந்தயக்காரன் சட்டைப் பையிலிருந்து ஒரு பதக்கத்தை எடுத்து மேசைமேல் வைத்தான். உள்ளங்கை அகலம்கூட இல்லை.

"ஒரு கார் ரேஸாவது ஜெயிச்சுட்டு வந்து பொண்ணு கேளுன்னு சொன்னீங்களே சார். இன்னைக்கு மதியம் ஜெயிச்சேன். நேரா இங்கதான் வர்றேன்."

கதவோரம் வாத்தியாரின் மகள் நின்றிருந்தாள். வாத்தியாரின் மனைவி திரைச்சீலைக்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"மேடையில ஏத்தினாங்களா? டிவியில காணோமே."

"இதுக்கு மேடை கிடையாது சார். இது ஸ்பிரிண்ட். சின்ன ரேஸ், அரை மணிதான்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அரை மணியா? மத்தவங்கல்லாம் பாதியிலேயே வீட்டுக்குப் போயிட்டாங்களா?"

"இல்ல சார், எல்லாருக்குமே அரை மணிதான். பெரிய ரேஸ் நாளைக்கு."

"அப்ப இன்னைக்கு நடந்தது ஒத்திகை."

"ஐயோ, ஒத்திகை இல்ல சார்! புள்ளியெல்லாம் உண்டு. எட்டு!"

"பெரிய ரேஸ் ஜெயிச்சா?"

"இருபத்தஞ்சு..."

வாத்தியாருக்குக் காகிதம் தேவைப்படவில்லை. "இருபத்தஞ்சுக்கு எட்டு. நூத்துக்கு முப்பத்திரண்டு. பாஸ் மார்க் முப்பத்தஞ்சு. ஃபெயில்!"

"அப்பா!" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு. ஏன் தம்பி, இதோட சேர்த்து உன் பேர்ல எத்தனை வெற்றின்னு எழுதியிருக்காங்க?"

கேட்டால் மறைக்கத் தெரியாத பிள்ளை அவன். "ஸ்பிரிண்டை வெற்றிக் கணக்குல சேர்க்க மாட்டாங்க சார்."

"அவங்களே சேர்க்கல. நான் சேர்க்கணுமாக்கும்!"

"ஒரு நாள் வந்து காரையாவது பாருங்க சார். அப்புறம் இப்படிப் பேச மாட்டீங்க."

"எத்தனை சீட்டு?"

"ஒண்ணு."

"என் பொண்ணு எங்க உக்காருவா? சக்கரத்து மேலயா?"

"சக்கரத்துக்கு மூடிகூடக் கிடையாது சார்" என்றான், உள்ளது உள்ளபடி.

வாத்தியார் எழுந்துவிட்டார். விடைத்தாளைத் திருத்தி முடித்த முகம்.

"சட்டுனு முடிஞ்சிருக்கு. மேடை கிடையாது. கணக்குலயும் கிடையாது. என்னைப் பொறுத்தவரைக்கும் அது நடக்கவே இல்ல. பெருசா ஒண்ணு நடக்கட்டும், அப்ப ஒத்துக்கறேன்."

மகள் அம்மாவைப் பார்த்தாள்.

வாத்தியாரின் மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நல்லதாப் போச்சுங்க. போன வாரம் நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேனே, இவங்க ரெண்டு பேரோட ரிஜிஸ்டர் கல்யாணம், அதுவும் பத்தே நிமிஷம்தான், மேடையும் இல்ல. பெருசா ஒண்ணு நீங்களே நடத்தி வெச்சிடுங்க."