ஹோபர்ட்டின் கடைசிக் கத்தி

"ஹோபர்ட், உள்ள என்ன சத்தம்?"

"நகம் வெட்டுறேன், ஒனீட்டா."

"இவ்வளவு நேரமாவா? உனக்கு மட்டும் எத்தனை விரல் இருக்கு?"

ஹோபர்ட் ஸ்டிடம் குளியலறைக் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வெறும் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அவர் கையில் இருந்தது நகவெட்டி அல்ல. அன்று மதியம் தீவனக் கடையில் வாங்கிய புத்தம் புது மடக்குக் கத்தி. மஞ்சள் கைப்பிடி, இரண்டு அலகு, உள்நாட்டுத் தயாரிப்பு. விலையும் மலிவு. அந்த மலிவுதான் அவருடைய வாழ்க்கையின் பெரிய சிக்கல். விலை கூடுதலாக இருந்திருந்தால் மனிதர் என்றைக்கோ ஒழுங்காகியிருப்பார்.

மடக்குக் கத்தியைக் காதால் பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்பது கென்டக்கி மலைப்பக்கத்து ஆண்களின் கொள்கை. மூடும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். அதில்தான் ஸ்பிரிங்கின் யோக்கியதை தெரியும். ஹோபர்ட் அதைக் கடையிலேயே பலமுறை கேட்டாகிவிட்டது. வீட்டில் எப்படிக் கேட்கிறது என்று தெரிய வேண்டாமா? அதற்காகத்தான் குழாய்.

ஒளிந்து கேட்க வேண்டிய அவசியம் இருந்தது. வசந்தகாலத்தில் தேவாலயப் படியில் நிற்கவைத்து ஒனீட்டா அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

"இன்னும் ஒரே ஒரு கத்தி இந்த வீட்டுக்குள்ள வந்துச்சுன்னா, இருக்குற மொத்தத்தையும் ராஸ்கோவோட ஏலத்துல போட்டுடுவேன். கல்யாணம் ஆன நாள்லேருந்து கடல் பாக்கணும், கடல் பாக்கணும்னு சொல்றேன். என் கடல் பூரா உன் பெட்டிக்குள்ள மடங்கிக் கெடக்கு."

ராஸ்கோ அவளுடைய தம்பி. சனிக்கிழமை ஏலம் விடுபவன். கத்திகளை ஒவ்வொன்றாக விடும் பழக்கம் அவனுக்கு இல்லை; வாளி வாளியாக விடுவான். தன் கத்திகள் ஒரு வாளியில், துருப்பிடித்த கதவுக் கீல்களுக்கு நடுவே கிடப்பதை நினைத்தாலே ஹோபர்ட்டுக்குத் தூக்கம் போய்விடும்.

இத்தனைக்கும் அவர் வேடனோ விவசாயியோ இல்லை. மாவட்டச் சாலை அலுவலகத்தில் குமாஸ்தா. அங்கே அவர் வெட்டியதில் மிகக் கடினமான பொருள் அட்டைப்பெட்டியில் ஒட்டிய டேப்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, பழக்க தோஷத்தில் ஆப்பிள் சீவப் பைக்குள் கையை விட்டார். வந்தது புதுக் கத்தி. மேஜை விளக்கில் அது மின்னிய மின்னலில் ஒனீட்டாவே கண்ணைச் சுருக்கிக்கொண்டாள்.

"புதுசா?"

"சேச்சே, பழசு. இன்னைக்குத் துடைச்சேன்."

"துடைச்சா இப்படியா மின்னும்? அப்ப என் அடுப்பையும் துடைச்சுக் குடு."

ஹோபர்ட் அடுப்பைத் துடைத்தார். துடைக்கும்போதே ஒன்று முடிவு செய்தார்: கத்தி பழசு என்று சொல்லியாகிவிட்டது, இனி அதைப் பழசாக்கியே தீர வேண்டும்.

கார்பன் எஃகைப் பழசாக்க அந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த வழி கடுகு சாஸ். அலகு முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தடவி, ஊறவைத்துக் கழுவினால், பல வருஷம் புகையிலையும் ஆப்பிளும் வெட்டிய மாதிரி கறுத்துவிடும். ஹோபர்ட் சமையலறையிலிருந்து பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக் கொட்டகைக்குப் போனார். தடவிவிட்டு, அது காயும்வரை பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒனீட்டா.

"கொட்டகையில கடுகு சாஸுக்கு என்ன வேலை?"

கத்தி பெஞ்சுக்கு அடியில் போய்விட்டது. பாட்டில் போகவில்லை.

"பசிச்சுது," என்றார்.

"வெறும் கடுகையா தின்னே?"

"எனக்கு ரொம்பப் பிடிக்கும்."

சொன்னதோடு விட்டிருக்கலாம். நம்பவைக்க வேண்டுமே என்று விரலால் வழித்து ஒரு வாய் நக்கியும் காட்டினார். கண்ணில் தண்ணீர் வந்தது. அதை ஆனந்தக் கண்ணீர் என்று ஒனீட்டா எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது.

"இத்தனை வருஷமா எனக்கு இது தெரியாமப் போச்சே, பாவம்!" என்றாள். மறுநாளிலிருந்து அவருடைய மதியச் சாப்பாட்டு டப்பாவில் இரண்டு ரொட்டித் துண்டும் நடுவில் கடுகு சாஸும் மட்டும். இறைச்சி கிடையாது, பாலாடைக்கட்டி கிடையாது.

அலுவலகத்தில் பக்கத்து மேஜை டென்சில் அந்த டப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு விசாரித்தான். ஹோபர்ட் எல்லாவற்றையும் சொன்னார்.

"நீ ஒரு வடிகட்டின முட்டாள்," என்றான் டென்சில். "புதுசு வாங்கினா மின்னத்தான் செய்யும். பழசா வாங்கித் தொலையேன். கடுகும் வேண்டாம், கண்ணீரும் வேண்டாம்."

"வாங்கவே கூடாதுன்னுதானே சத்தியம்?"

"புதுசு வாங்க மாட்டேன்னுதான் மனசுக்குள்ள நீ சத்தியம் பண்ணினதா வெச்சுக்கோ."

இந்த விளக்கத்தில் ஹோபர்ட்டுக்கு உடனே திருப்தி ஏற்பட்டது. மாவட்டத்துக்காரர்கள் பழைய சாமான் வாங்கி விற்கும் பக்கம் ஒன்று போனில் இருந்தது. அதில் கத்திக்கென்று ஒரு மூலை. யாரும் சொந்தப் பெயரில் வர மாட்டார்கள், யாரும் நேரில் சந்திக்கவும் மாட்டார்கள். மாவட்டத்துக் கணவர்களில் பாதிப்பேருக்கு இதே வியாதி, இதே சத்தியம். அதனால் சரக்கு எப்போதும் தபாலில்தான்.

வீட்டு விலாசம் கொடுக்க முடியாது. பக்கத்து ஊரான மில்ரேஸில் தபால் பெட்டி ஒன்றை வாடகைக்கு எடுத்தார். ஆளை அடையாளம் தெரியாமலிருக்கக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போனார்.

"வாங்க ஸ்டிடம் சார்," என்றார் தபால் அலுவலக லூடீன் அம்மாள். "கண்ணுல ஏதாவது கோளாறா?"

அந்தப் போன் பக்கத்தில்தான் அவருக்கு ஒரு நட்பு கிடைத்தது. விற்பவர் தன்னை 'ஓய்வு பெற்ற கொல்லன்' என்று சொல்லிக்கொண்டார். அவரும் மில்ரேஸில் பெட்டி வைத்திருப்பவர். எலும்புக் கைப்பிடி போட்ட மூன்று அலகு ஸ்டாக்மேன் ரகக் கத்தி ஒன்றை ஹோபர்ட் அவரிடம் வாங்கினார். பொட்டலத்தைப் பிரித்து அலகில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தவர் வண்டிக்குள்ளேயே உருகிப்போனார்.

"டென்சில், அந்த மனுஷன் சாதாரண ஆளில்லை. தீட்டியிருக்குற அழகைப் பாரு. சின்ன அலகை மட்டும் கொஞ்சம் கூடுதலா சாய்ச்சிருக்கார். நானும் அப்படித்தானே தீட்டுவேன்!"

"அப்ப உலகத்துல ரெண்டு பேர் இப்படித் தப்பாத் தீட்டுறீங்க."

"உனக்குப் பொறாமை."

அடுத்த வாரம் கொல்லனிடம் பச்சைக் கைப்பிடி இருந்தது. அதற்கடுத்து செம்பு வளையம் வைத்த பார்லோ ரகக் கத்தி. ஹோபர்ட் எதற்கு மயங்குவார் என்பது அந்த மனிதருக்கு எப்படித்தான் தெரிந்ததோ! இருபது வருஷக் குடும்ப வாழ்க்கையில் ஒனீட்டாகூடத் தன்னை இவ்வளவு புரிந்துகொண்டதில்லை என்று ஹோபர்ட்டுக்குத் தோன்றியது. கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. தன்னிடம் எத்தனை கத்தி, என்னென்ன கத்தி என்ற கணக்கே இல்லாத ஹோபர்ட், வாங்கியதையெல்லாம் கொட்டகையில் இருந்த தூண்டில் பெட்டியில் போட்டு மூடினார். எவ்வளவு போட்டாலும் அந்தப் பெட்டி நிறையவில்லை. அதை அவர் பெட்டியின் நல்ல குணம் என்று எடுத்துக்கொண்டார்.

கொல்லன் விலையை ஏற்றத் தொடங்கினார். ஹோபர்ட் பணிவாகப் பேரம் பேசிப் பார்த்தார்.

"உங்களை மாதிரி ரசிகருக்குக் குறைச்சுக் குடுத்து அவமானப்படுத்த மனசு வரலை" என்று பதில் வந்தது.

அதைப் படித்துவிட்டு ஹோபர்ட், அவர் கேட்டதைவிட இரண்டு டாலர் சேர்த்து அனுப்பினார். உணவகத்துக்குப் போகும் காசு தீர்ந்தது. கடுகு ரொட்டியே கதி என்றாயிற்று. சனிக்கிழமைகளில் ஓவர்டைம் பார்த்து, சாலையோரப் பலகைகளைக் கழுவினார். "பாவம், எவ்வளவு உழைக்கிறே!" என்று ஒனீட்டா பிளாக்பெரிப் பழம் வைத்துப் பணியாரம் சுட்டுக் கொடுத்தனுப்பினாள். அந்தப் பணியாரத்தை விழுங்குவது கடுகைவிடக் கஷ்டமாக இருந்தது.

கொல்லனை ஒருதரம் நேரில் பார்த்துக் கைகுலுக்க வேண்டும் என்ற ஆசை அவரை விடவில்லை. மில்ரேஸ் தபால் அலுவலகத்தில் வயதான, புஜம் பெருத்த ஆள் யார் நின்றாலும் பக்கத்தில் போய் நின்றார். ஒருநாள் கையில் நெருப்புத் தழும்போடு ஒருவர் வந்தார். சந்தேகமே இல்லை. ஹோபர்ட் கறுப்புக் கண்ணாடியை லேசாக இறக்கி, அவர் காதருகே குனிந்தார்.

"போன வாரம் அனுப்பினது பிரமாதம். அடுத்தது எப்ப வரும்?"

அந்த ஆள் விலகி வெளியே போனார். திரும்பி வந்தபோது கூடவே ஷெரிஃபின் உதவியாளர் ஒருவர் வந்தார்.

"சார், அந்தப் பொட்டலத்தைக் கொஞ்சம் பிரிக்கிறீங்களா?" என்றார் உதவியாளர்.

ஹோபர்ட் பிரித்தார். உள்ளே இரண்டு அலகு ட்ராப்பர் ரகக் கத்தி. உதவியாளர் அதை வாங்கித் திறந்தார், மூடினார். 'டக்.' மறுபடி திறந்தார், மூடினார்.

"உள்நாட்டுச் சரக்கா?"

"ஆமாங்க."

"மலிவாக் கெடைச்சுதா?"

"கொஞ்சம்."

உதவியாளர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எங்க வீட்டுலயும் சத்தியம் பண்ணித்தான் இருக்கேன். யாரு விக்கிறாங்கன்னு என்கிட்ட மட்டும் சொல்லுங்க."

கொல்லனைப் பங்குபோட மனம் வரவில்லை. தெரியாது என்று ஹோபர்ட் பொய் சொன்னார். ஆனால் உதவியாளர் அவரை நிறுத்திவைத்த செய்தி அவருக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்திருந்தது.

"மில்ரேஸ்ல உன்னை எதுக்கு நிறுத்துனாங்க?" என்றாள் ஒனீட்டா.

"வண்டியில பின்விளக்கு எரியலைன்னு."

"அப்ப உடனே மாத்திடு, கண்ணு. ஆபத்து."

நன்றாக எரிந்துகொண்டிருந்த இரண்டு பின்விளக்குகளையும் ஹோபர்ட் கழற்றிப் புதுசு மாட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பீன்ஸும் சோளரொட்டியும் பரிமாறிவிட்டு, ஒனீட்டா எதிரே உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தாள். அவள் முகம் கல்யாணத்தன்றுகூட இப்படி இருந்ததில்லை.

"ஹோபர்ட், நாம கடலுக்குப் போறோம். கரோலினாவுல ஒரு வாரம். ஜன்னலைத் திறந்தா அலை தெரியுற அறை. முழுப் பணமும் கட்டிட்டேன்."

"பணம் ஏது?"

"சேர்த்தேன். கொஞ்சம் கொஞ்சமா."

"என் சம்பளத்துலயா? அதுல மிச்சமே இருக்காதே."

"என் சாமர்த்தியம் கொஞ்சம். ஆனா உன் பங்குதான் அதிகம். நீ இல்லைன்னா ஒரு காசு சேர்ந்திருக்காது," என்று அவர் கன்னத்தைத் தட்டினாள்.

ஹோபர்ட் சோளரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டார். இவள் காசு காசாகச் சேர்த்துத் தனக்கும் சேர்த்துக் கடல் காட்டப்போகிறாள். தானோ கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திருடன் மாதிரி அலைகிறோம். தன்னை நினைத்து ஹோபர்ட்டுக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது. இத்தனை நாள் அவர் பட்டது பயம். வெட்கப்பட்டது அன்றுதான்.

மறுநாள் மதியம் மில்ரேஸ் போனார். கறுப்புக் கண்ணாடி போடவில்லை. பெட்டியில் ஒரு புதுப் பொட்டலம் காத்திருந்தது. உள்ளே என்னவென்று அவருக்குத் தெரியும்: மான்கொம்புக் கைப்பிடி, கொல்லன் இதுவரை விற்றதிலேயே சிறந்தது. அதை ஒருதரம் காதருகே ஆட்டிப் பார்த்தார். ஆனாலும் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொட்டலத்தைப் பிரிக்காமல் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தார்.

"லூடீன் அம்மா, என் பெட்டியை இன்னையோட மூடிடுங்க. இதையும் அனுப்பினவருக்கே திருப்பி அனுப்பணும். அவரு நல்ல மனுஷர், அவர் மேல குத்தமில்லை. பணம்கூட வேண்டாம், அவரே வெச்சுக்கட்டும்."

"ஏன் சார், கத்தி பிடிக்கலையா?"

"அதுக்கில்லைம்மா. என் பொண்டாட்டி நாணயமானவ. அவ முதுகுக்குப் பின்னால நான் இப்படி வாங்கிக் குவிக்கிறது அவளுக்குத் தெரியவே தெரியாது. தெரிஞ்சா அந்த மனசு தாங்காது."

லூடீன் அம்மாள் பொட்டலத்தைத் தராசில் வைத்தார். மேலே எழுதியிருந்த, அனுப்பியவரின் பெட்டி எண்ணைப் பார்த்தார். ஹோபர்ட்டைப் பார்த்தார். பிறகு பொட்டலத்தைத் தராசிலிருந்து எடுத்து அவர் கையிலேயே திரும்பக் கொடுத்தார்.

"இதுக்கு எதுக்கு சார் வீணா இன்னொரு தபால் செலவு? ராத்திரி சாப்பிட உக்காரும்போது அவங்க கையிலயே குடுத்துடுங்க."