காகம் வராத புரட்டாதிச் சனி

கொக்குக்குச் சிவப்புக் கொடி காட்டிய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் தெல்லிப்பழையில், வேலிகளுக்கு நடுவால் போகிற எங்கள் ஒழுங்கையில், எங்களுக்கு அடுத்த வளவில் இருந்தார்.

நான் கலியாணம் முடித்து அந்த ஒழுங்கைக்கு வந்த மறுநாள் காலை விசில் சத்தம் கேட்டுப் பதறி எழும்பினேன். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தால், வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர், வாயில் விசிலும் கையில் சிவப்புக் கொடியுமாகக் கிணற்றடியில் நிமிர்ந்து நிற்கிறார். எதிரே சின்னக் குளம். குளக்கட்டில் ஒற்றைக் காலில் கொக்கு.

"உதென்ன மாமி?" என்று கேட்டேன்.

"உது மீன் பென்சனியர்," என்றார் மாமி, அரித்த மாவிலிருந்து கண்ணை எடுக்காமல். "மலாயாவிலை றெயில் கார்டா இருந்தவர். உந்தக் கொடியைக் காட்டினால் கோச்சியே நிக்குமாம், கொக்கு எந்த மூலைக்கு எண்டு கேக்கிறார். நீ உன்ரை அலுவலைப் பார் பிள்ளை."

கொக்கு நின்றது. நிற்பதுதானே அதன் தொழில்! அவர் மனம் சலித்துப் பச்சைக் கொடியைத் தூக்கினார். கொக்கு ஒரு மீனைக் கொத்திக்கொண்டு ஒழுங்காகப் புறப்பட்டுப் போனது.

மீன் மச்சம் மணந்தாலே மூக்கைப் பொத்துகிற சுத்த சைவருக்கு இப்படி ஒரு பட்டப்பெயர் வந்ததற்கு அந்தக் குளம்தான் காரணம். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் குடும்பத்தோடு மலாயாவில். பென்சன் எடுத்துக் கப்பலேறும்போது பேத்தியை "என்னோடை ஊருக்கு வா" என்று கூப்பிட்டாராம். போத்தலில் மீன் வளர்த்துப் பழகிய சின்னப்பிள்ளை அது. "அப்பு, அங்கை மீன் இருந்தால் வாறன்" என்றதாம். அவ்வளவுதான். மனிதர் ஊருக்கு வந்த கையோடு கிணற்றடிக் கல்லை அலவாங்கால் உடைப்பித்து, சீமெந்து பூசிக் குளமாக்கி, ஊர்க் கேணியில் பிடித்த கெண்டைக் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார். பேத்தி வரும்வரை ஒரு மீனும் குறையக்கூடாது. அதுதான் பென்சனுக்குப் பிறகு அவர் பார்த்த உத்தியோகம்.

பேத்தி வரமுன் யப்பான்காரன் மலாயாவுக்குள் வந்துவிட்டான். கப்பல் நின்றது, கடிதம் நின்றது. மீன்கள் பாட்டுக்கு நீந்திக்கொண்டிருந்தன.

மீன் இருக்கிற இடத்துக்கு யார்தான் வராமல் இருப்பார்கள்! மீன்கொத்தி வந்தது. தண்ணீர்ப் பாம்பு வந்தது. வேலிப் பொட்டுக்குள்ளால் உடும்பு வந்து, அவரைப் பார்த்து நாக்கை நீட்டிவிட்டுப் போனது. எங்கள் மாமியின் கடுவன் பூனையும் போனது. அவர் அதைப் பிடித்துக் கழுத்தில் மாட்டு மணி ஒன்றைக் கட்டிவிட்டார். பூனை கலகலவென்று ஒழுங்கையால் வர, "என்ரை பூனையை வண்டில் மாடாக்கிப்போட்டார்!" என்று மாமி மூன்று வீடு கேட்கக் கத்தினார்.

"குளத்துக்கு மேலை ஒரு வலையைப் போட்டால் என்ன ஐயா?" என்று நான்தான் ஒரு நாள் கேட்டேன்.

"மீனுக்கு வலையைக் காட்டுறதோ பிள்ளை? அதுகள் பயந்தே செத்துப்போமே!" என்றார். முகத்தில் சிரிப்பில்லை.

அந்த வருஷம் வெயில் கொளுத்தியது. கிணறு இறங்க, குளத்திலும் தண்ணீர் வற்றியது. மூச்சுக்கு மேலே வந்து செத்த மீன்களைக் காகங்கள் குனிந்து பொறுக்கத் தொடங்கின. செத்த மீனுக்கு வந்தவை, ருசி கண்டு உயிர் மீனிலும் கை வைத்தன. விசிலுக்கும் கொடிக்கும் காகம் அசையுமா? பென்சனியர் யோசித்தார். தன் பழைய கறுப்புக் கோட்டை வெட்டி, பஞ்சடைத்து, மரச் சிராயில் சொண்டு வைத்து, அசல் செத்த காகம் போலவே ஒன்றைத் தைத்து மாமரத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டார்.

ஊர்க் காகமெல்லாம் திரண்டு வந்து அந்தக் கோட்டுத் துணிக்கு ஒப்பாரி வைத்தன. செத்தவீடு மத்தியானம் வரை நடந்தது. பிறகு எழும்பிப் போனவை ஒழுங்கைப் பக்கமே தலைகாட்டவில்லை. வடகம் காயவைக்கிற பெண்களெல்லாம் அவரை வாயார வாழ்த்தினார்கள்.

புரட்டாதிச் சனி வந்தது. எங்கள் பக்கத்தில் அன்று முழுகி, சமைத்து, எள்ளும் சோறும் பிசைந்து காகத்துக்கு வைப்பார்கள். காகம் வாய் வைத்த பிறகுதான் விரதகாரர் சாப்பிடலாம். வளவுக்கு வளவு வாழையிலை வைத்தாயிற்று. "கா... கா..." என்று ஒழுங்கை முழுவதும் கத்தியது. மனிதர்கள்தான் கத்தினார்கள், காகம் ஒன்றுமில்லை. வெயில் உச்சியைத் தாண்டியது. எனக்குக் கண் இருட்டியது. மாமி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பென்சனியரின் படலையைத் தள்ளினார். நானும் பின்னால் போனேன்.

"உந்தக் கோதாரி விழுந்த காகத்தை இறக்கப்போறியளோ, இல்லையோ?"

"இறக்கினால் என்ரை மீன் என்ன செய்யும் தங்கச்சி?"

"கண்டறியாத மீன்! ஒழுங்கையே பட்டினி கிடக்கு. உங்களுக்கென்ன, சாப்பிட்டுட்டு நிக்கிறியள்!"

"நானும் சாப்பிடேல்லை," என்றார்.

அப்போதுதான் கண்டோம். கிணற்றுக்கட்டில் அவருடைய இலை. எள்ளுச்சோறு காய்ந்துபோய்க் கிடந்தது.

"நீங்களும் விரதமோ?"

"ஓம். பிள்ளையளுக்காகப் பிடிக்கிறன். அங்கை உயிரோடை இருக்கினமோ எண்டும் தெரியேல்லை. சனீசுவரன் அதுகளை விட்டுவிட்டால் காணும்."

மாமி செருகியிருந்த சேலைத் தலைப்பை மெல்ல இறக்கிவிட்டார். மனிதர் இலையைப் பார்த்தார், குளத்தைப் பார்த்தார். "மீன் இருந்து, பிள்ளை இல்லாமல் போனால்..." என்றார். ஏணியைச் சாத்தி ஏறி, அந்தத் துணிக்காகத்தை அவிழ்த்து இறக்கினார்.

வெயில் சாயத்தான் ஒரு காகம் வந்தது. நேரே அவருடைய இலைக்கு வந்து வாய் வைத்தது. "சாப்பிடு ராசா, சாப்பிடு," என்றார். கண்ணால் தண்ணீர் ஓடியது. காகம் வயிறு நிறையத் தின்றது. தின்றுவிட்டுக் குளக்கட்டுக்குத் தாவி, கழுத்தை நீட்டியது. பென்சனியர் விசிலை வாயில் வைத்தார், ஆனால் ஊதவில்லை. பேத்திக்காக வைத்த சோற்றைத் தின்ற காகத்தை எப்படிக் கலைப்பார்?

மாமிக்கு அந்தத் தயக்கம் இல்லை. "சோறு வேறை, மீன் வேறை! சூ!" என்று சிவப்புக் கொடியைப் பறித்து விசுக்கினார். காகம் பறந்தது. அன்றிலிருந்து காலையில் அவர், பின்னேரம் மாமி என்று குளத்துக்கு முறைவைத்துக் காவல் நடந்தது.

யப்பான் சண்டை முடிந்ததை அவர் காணவில்லை. அதற்கு முந்தின மாரியில் காய்ச்சலில் படுத்தவர் எழும்பவில்லை. கடைசியாகக் கதைத்ததும் மாமியோடுதான். "மாரிக்குத் தண்ணிப் பாம்பு வரும் தங்கச்சி, கவனம்."

பிறகு ஒரு நாள் மகளும் பேத்தியும் வந்தார்கள். பேத்தி என் உயரத்துக்கு வளர்ந்திருந்தாள். குளக்கட்டில் குந்தி, "அப்பு எனக்காக வளத்த மீனா?" என்று கேட்டாள்.

"ஓம் மோனை. ஒண்டும் குறையேல்லை," என்றார் மாமி.

கொக்கு தின்றது, மீன்கொத்தி தின்றது, மாமியின் கடுவன் மணியோடேயே போய்த் தின்றது. குறையக் குறைய ஊர்க் கேணியிலிருந்து குடத்தில் கொண்டுவந்து விட்டது மாமிதான். சைவ விரதகாரி மீன்குடம் சுமந்ததை ஒழுங்கையே பார்த்து, பார்க்காதது போல் இருந்தது. பிள்ளை தண்ணீருக்குள் கையை விட்டாள். சோறு என்று நினைத்து மீன்களெல்லாம் அவளுடைய விரல்களைச் சுற்றி வந்தன. அந்த நேரம் அவர் அங்கே நிற்கவில்லையே என்று இன்றைக்கும் என் மனம் ஆறுவதில்லை.

இப்போது மாமியும் இல்லை. புரட்டாதிச் சனியில் நான்தான் சோறு வைக்கிறேன். ஒரு காகம் வந்து, சாப்பிடாமல் தலையைச் சரித்து என்னையே பார்க்கும்.

"சாப்பிடுங்கோ ஐயா," என்பேன். "பிள்ளை வந்திட்டாள்."