காருக்கு அடியில் மாப்பிள்ளை

இருபத்தாறு வயதில் நான் பொம்மைக் கார் வைத்திருந்தேன். ஒன்றிரண்டு அல்ல, பதினொன்று. எல்லாம் உலோகத்தில் வார்த்தவை, உள்ளங்கையில் அடங்கிவிடும். பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுக் கப்பலேறியபோது வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டுப் போனார்கள். மற்றவர்கள் கட்டிலும் அலமாரியும் வாங்கினார்கள். நான் இவற்றை வாங்கினேன். (வீட்டில் யாராவது 'பொம்மை' என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. அவை 'மாதிரி வண்டிகள்'!)

ஆபீசில் பக்கத்து மேசை அந்துவானுக்கும் இதே பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கடற்கரையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு காரைக் கைக்குட்டையில் வைத்துக்கொண்டு சண்டை போடுவோம். நிஜக் காரில் விளக்கு இவ்வளவு பெரியதா, கதவு எந்தப் பக்கம் திறக்கும், சக்கரத்துக்கு இந்த மஞ்சள் சரியா என்று இருட்டும்வரை போகும்.

பெரிய சண்டை ஒரு கறுப்புக் காரால் வந்தது. பிரெஞ்சு அதிகாரிகள் நம் தெருக்களில் ஓட்டித் திரிந்த அதே ரகம். என் மாதிரியைக் கவிழ்த்தால், அடித்தகட்டில் முன்னாலிருந்து பின்னால்வரை ஒரு மேடான கோடு ஓடும்.

"என்ஜின்லேருந்து பின்சக்கரத்துக்குப் போற கம்பி அது. பின்சக்கரந்தான் வண்டியத் தள்ளுது" என்றான் அந்துவான்.

"இந்த வண்டிய முன்சக்கரம் இழுக்குதுடா. அப்புறம் பின்னால எதுக்குக் கம்பி? செஞ்சவன் தப்பா செஞ்சிருக்கான்."

"பிரான்சுல செஞ்சவனுக்குத் தெரியாதது, முசியே கலியபெருமாளுக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்!" என்று என் பேருக்கு முன்னால் துரைப் பட்டம் கட்டினான்.

மூன்று வாரம் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு டிரைவரைக் கேட்டிருந்தால் அரை நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். ஆனால் கண்ணால் காணாததை ஏற்பதில்லை என்பது அந்த வயதில் என் கொள்கை.

அப்போதுதான் எனக்குப் பெண் பார்க்க ஏற்பாடானது. கருவடிக்குப்பத்தில் கோவிந்தசாமி என்பவரின் மகள் செண்பகம். பஞ்சாலையில் வேலை பார்த்த என் அப்பா, துணைக்கு அந்துவானையும் கூப்பிட்டுக்கொண்டார். (அவன் பேசினால் நான் பேச வேண்டியிருக்காது என்ற நல்லெண்ணம்.)

வீட்டு வாசலில் நின்றது அந்தக் கறுப்புக் கார்! ஒரு பிரெஞ்சுக்காரரிடம் வாங்கி, கல்யாணங்களுக்கு வாடகைக்கு ஓட்டுகிறாராம் கோவிந்தசாமி. அன்று காலையில்கூட ஒரு ஜோடியை இறக்கிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். நானும் அந்துவானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மூன்று வாரத்தில் அதுதான் முதல் தடவை.

உள்ளே கேசரி வந்தது. அப்பா, "எங்க பையன் ரொம்பப் பொறுப்பு, ஒரு எடத்துல ஒக்காந்தா எழுந்திருக்க மாட்டான்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே நான் எழுந்து, கை கழுவப் போவதுபோல வெளியே நழுவினேன். வெள்ளைச் சட்டையோடு தரையில் மல்லாந்து, தோளால் தேய்த்துத் தேய்த்துக் காருக்கு அடியில் புகுந்தேன். அப்போது அவ்வளவு ஒல்லி.

இருட்டு. எண்ணெய் வாசனை. நெற்றியில் சொட்டென்று ஒரு துளி. நடுவே முன்னாலிருந்து பின்னால்வரை நீளமாக ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. அந்துவான் சொன்ன கம்பியேதானா?

காருக்குப் பக்கத்தில் கொலுசு போட்ட இரண்டு கால்கள் வந்து நின்றன.

"யாரு அது? என்னா தேடுறீங்க?"

பொய் எதுவும் வாயில் வரவில்லை. "முன்சக்கரம் இழுக்குதா, பின்சக்கரம் தள்ளுதான்னு பாக்குறேன்."

கொலுசு ஒரு எட்டு கிட்டே வந்தது. "முன்சக்கரந்தான் இழுக்குது."

ஜெயித்தேன்! "அப்ப நடுவுல போற இது?"

"பொகை போற கொழா. தொடாதீங்க, சுடும்."

தொட்டிருந்தேன்.

நான் போட்ட அலறலில் தெருவே கூடிவிட்டது. கோவிந்தசாமி, "எவன்டா அது, என் வண்டியில கழட்டுறவன்!" என்று என் கால்களைப் பிடித்து இழுத்தார். வாசலுக்கு ஓடிவந்த அப்பா, அவர் கையிலிருந்த என் கால்களைப் பார்த்ததும் தாழ்ந்த குரலில், "மெதுவா இழுங்க, அது மாப்பிள்ளை" என்றார்.

கன்னத்தில் எண்ணெய், உள்ளங்கையில் கொப்புளம். உள்ளே உட்கார வைத்தார்கள். மாதிரி வண்டிச் சண்டை முழுவதையும் அந்துவான் அந்த வீட்டாருக்குச் சொல்லி முடித்தான். தலை நிமிர எனக்குத் தெம்பில்லை. அதனால்தான் காபித் தட்டோடு வந்த பெண்ணின் கொலுசை உடனே அடையாளம் தெரிந்தது.

திரும்பும் வழியெல்லாம் அப்பா பத்தடி முன்னாலேயே நடந்தார். அந்துவான் என்னோடு நடந்தபடி, "அது கொழாயா இருந்தா, பொம்மை செஞ்சவன் சரியாத்தான் செஞ்சிருக்கான். நீ தோத்துட்ட" என்றான். முன்சக்கரம் இழுப்பதால் அவனும் தோற்றான் என்பதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

இனி அந்தப் பக்கமே போக முடியாது என்றிருந்தேன். எட்டாம் நாள் கோவிந்தசாமியே வந்தார். "எங்க பொண்ணுக்குச் சம்மதம். பொய் சொல்லத் தெரியாத ஆளுன்னு சொல்லுது" என்றார். போகிறபோது, "அந்தச் சின்ன வண்டியப் பாக்கணுமாம்" என்று கூச்சத்தோடு சேர்த்துக்கொண்டார். கல்யாணமான மறுநாளே செண்பகம் அதைக் கவிழ்த்துப் பார்த்து, குழாய் ஒரு நெல்லளவு இடப்பக்கம் தள்ளியிருப்பதாகத் தீர்ப்புச் சொன்னாள்.

இப்போதும் ஏதாவது விசேஷத்தில் என்னைக் காணவில்லையென்றால் எங்கள் வீட்டார் யாரையும் விசாரிப்பதில்லை. வாசலுக்கு வந்து, நிற்கிற கார்களுக்கு அடியில் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்க்கிறார்கள்.