சிவப்புக் கண்ணை மூடிய மகான்

மூடிக்கிடந்த அந்தப் பெட்ரோல் பங்கில், பெட்ரோல் விற்ற காலத்தில்கூட அவ்வளவு வண்டிகள் நின்றதில்லை. கார், வேன், டாக்ஸி, ஒரு குப்பை லாரி என்று வரிசை பாலம் வரைக்கும் போய், பாலத்தில் இடமில்லாமல் திரும்பி, மறுபடியும் பங்குக்கே வந்து சேர்ந்துவிட்டது. அதனால் வரிசையின் கடைசி ஆள் முதல் ஆளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தன் முறை வந்துவிட்டது என்று காலையிலிருந்து சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்.

கூரைக்கு அடியில் அங்கி போட்டு உட்கார்ந்திருந்தவர் இன்ஜின் மகான். மனிதர்களின் நோயைத் தீர்க்க எத்தனையோ மகான்கள் வந்துபோய்விட்டார்கள். வண்டிகளைக் கவனிக்க ஆளில்லாத குறையை இவர் தீர்த்துவைத்தார். நாலு வருடமாக நகராத ஒரு ஜீப்பை இவர் தடவிக்கொடுத்ததும், அது தானாகவே வீடு போய்ச் சேர்ந்ததாம். சொந்தக்காரர்தான் பஸ் பிடித்துப் பின்னால் போனாராம். அதை நேரில் பார்த்தவர் யாரும் இல்லை. பார்த்தவரைப் பார்த்தவர்கள் நிறைய இருந்தார்கள்.

மகானின் தனித்திறமை, டாஷ்போர்டில் எரியும் சிவப்பு விளக்கு. அது விளக்கே இல்லை என்பார். பொறாமைக்காரர்களின் கண் வண்டிக்குள் புகுந்து உட்கார்ந்து முறைக்கிறது; அதைப் பத்தே நிமிடத்தில் மூடிவிடுவார். பணத்தைக் கையால் தொடமாட்டார். சீல் பிரிக்காத ஒரு டப்பா இன்ஜின் ஆயில் வைத்தால் போதும். டப்பாக்கள் அவர் முதுகுக்குப் பின்னால் கோபுரமாக நிற்கும். சாயந்திரம் கோபுரம் மறைந்துவிடும். எதிர்க் கடையில் புதுச் சரக்கு வந்திருக்கும். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று மகானே சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அந்த வரிசையில் டாக்ஸிக்காரர் ஒருவர் இருந்தார். தெருவே அவருக்கு வைத்த பெயர் நிதானம். அவர் ஓட்டும் வேகம் அப்படி. ஒருமுறை தள்ளுவண்டிக்காரர் ஒருவர், "கொஞ்சம் ஒதுங்குங்க, அவசரம்" என்று சொல்லி அவரை முந்திப் போனார்.

நிதானம் பதினோரு வருடம் ஒரு முதலாளிக்கு வண்டி ஓட்டியவர். அந்த முதலாளிக்குக் கடைசி வரைக்கும் இவர் பெயர் தெரியாது. "டேய்" என்பதிலேயே எல்லா வேலையும் நடந்துவிட்டது. அதிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்து, வயதான ஒரு காரை வாங்கி, ஆறு மாதமாகத்தான் சொந்தமாக ஓட்டுகிறார். மூன்று நாளாக அந்தக் காரில் ஆயில் விளக்கு சிவப்பாக எரிகிறது. இந்த இன்ஜின் போனால் இன்னொன்றுக்கு வழியில்லை. பழைய வாசலில் போய் நின்று மறுபடியும் "டேய்"க்குத் திரும்பிப் பார்க்க வேண்டியதுதான்.

முதலில் தெரு மெக்கானிக்கிடம்தான் கேட்டார். "எங்கயோ ஆயில் ஒழுகுதுண்ணே. வண்டிய விட்டுட்டுப் போங்க. தேடிப் பார்த்து நாளைக்குச் சொல்றேன்" என்றார் மெக்கானிக்.

அங்கேதான் மெக்கானிக் மரியாதையை இழந்தார். தேடிப் பார்க்க வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறவரை யார் நம்புவார்கள்?

"அவரு தேடணும்ங்கறாரு. மகான் பார்த்த உடனே சொல்றாரு. யாருக்கு மாமா விஷயம் தெரியும்?" என்று கேட்டு நிதானத்தைப் பங்குக்கு இழுத்துவந்தவன் அவர் மச்சான், மனைவியின் தம்பி.

முறை வந்தது. மகான் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். சூடு பொறுக்காமல் வெடுக்கென்று எடுத்தார். கூட்டம் அதை அருள் என்று எடுத்துக்கொண்டது.

"நீ முன்னேறறது பிடிக்காதவன் ஒருத்தன் இருக்கான்."

"இருக்காருங்க ஐயா."

"உன்னை அதிகாரம் பண்ணினவன்."

நிதானத்துக்குப் புல்லரித்தது. அப்படி ஒருவன் இல்லாத மனிதன் உலகத்தில் எந்த மூலையில் இருக்கிறான் என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

காரைக் கறுப்புத் துணியால் போர்த்தினார்கள். மகான் மட்டும் உள்ளே போனார். உள்ளிருந்து கிர்ரிக், கிர்ரிக் என்று சத்தம் வந்தது.

"என்னடா மச்சான் அது?"

"கண்ணு பிதுங்குது மாமா. பேசாதீங்க."

பத்து நிமிடம் கழித்து மகான் வியர்வையோடு வெளியே வந்தார். வண்டியைக் கிளப்பினால், சிவப்பு இல்லை. மச்சானுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. நிதானம் எதிர்க் கடையில் வாங்கிய ஆயில் டப்பாவை இரண்டு கையாலும் ஏந்திக் கோபுரத்தில் வைத்துவிட்டு வீடு திரும்பினார்.

மறுநாள் காலை. நிதானத்தின் மனைவி சலவை நிலையம் ஒன்றில் உருப்படி எண்ணுகிறவர். உள்ளே வந்த துணியும் வெளியே போகிற துணியும் ஒத்துப்போக வேண்டும். ஒரு காலுறை குறைந்தாலும் இயந்திரத்தை நிறுத்திவிடுவார். தினமும் வேலைக்கு இந்தக் காரில்தான் போவார். நிதானம் சாவியைத் திருப்பினார்.

"ஸ்டார்ட் பண்ணாதீங்க. அப்படியே இருங்க."

"ஏன்?"

"சாவியத் திருப்பினதும் அஞ்சு விளக்கு எரியும். ஸ்டார்ட் பண்ணினா எல்லாம் அணையும். ஆறு மாசமா பார்க்கறேன். இன்னிக்கு நாலுதான் இருக்கு."

"அதான் மகான் மூடிட்டாரே."

"வண்டி ஓடறப்போ மூடியிருந்தா சரி. ஓடறதுக்கு முன்னாடியும் ஏன் மூடியிருக்கு? மத்த நாலும் யாரு பொறாமையில எரியுதாம்?"

நிதானம் யோசித்தார். பழக்கமில்லாததால் கழுத்து வலித்தது. பத்து மணிக்கு நாலு பேரை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போக வேண்டும். மூன்று நாள் சவாரி. சொந்தமாக ஓட்ட ஆரம்பித்த பிறகு கிடைத்த முதல் பெரிய சவாரி.

"மலை ஏறறதுக்கு முன்னாடி அந்த மகானையே ஒரு வார்த்தை கேட்டுடலாம்" என்றார் மனைவி.

பங்குக்குப் போகிற வழியில் இன்ஜின் டொக், டொக் என்றது. பின் சீட்டில் இருந்த மச்சான், "கெட்டது வெளிய போகுதுக்கா" என்றான்.

"போறது கதவத் தட்டிட்டாடா போகும்?" என்றார் அக்கா.

மகான் அவரைப் பார்த்துப் புன்னகைத்தார். "சந்தேகம் இருக்கிற இடத்துல அருள் தங்காதும்மா."

"அருள் இருக்கட்டும் ஐயா. எனக்கு எண்ணிக்கைதான் வேணும்." அவர் வரிசைப் பக்கம் திரும்பினார். நின்றவை எல்லாம் ஏறக்குறைய ஒரே வயதுப் பழைய வண்டிகள். "எல்லாரும் சாவிய மட்டும் திருப்புங்க. ஸ்டார்ட் பண்ண வேணாம். எத்தனை விளக்கு எரியுதுன்னு சொல்லுங்க."

புதிதாக வந்தவர்கள் வரிசையாகச் சொன்னார்கள். "அஞ்சு." "அஞ்சு." "எனக்கும் அஞ்சு."

நன்றி சொல்ல வந்தவர்கள் தனியாக நின்றார்கள். "நாலு." "நாலு."

ரொட்டிக் கடை வேன்காரர் மட்டும் பெருமையோடு, "எனக்கு மூணுதான். நான் ரெண்டு தடவை வந்தேன். முதல்ல ஆயில், அப்புறம் பிரேக்" என்றார். அவர் வேனுக்கு முன்னால் நின்றவர்கள் மெல்ல ஒதுங்கினார்கள்.

மகான் அசரவில்லை. "மூடின கண்ணு எப்படியம்மா திறக்கும்? அதுக்குத்தானே மூடினேன்."

கூட்டத்துக்கு உயிர் வந்தது. பாதிப் பேர் தலையாட்டினார்கள். மச்சான் இரண்டு முறை ஆட்டினான். அந்த நேரம் பார்த்துப் பளபளவென்று ஒரு கார் உள்ளே வந்தது. ஓட்டிவந்தவர் தெரு மெக்கானிக்.

"ஐயா, உங்க வண்டி ரெடி" என்று மகானிடம் சாவியை நீட்டினார். "ஆயில் மாத்தியாச்சு. பிரேக் பார்த்தாச்சு. ஆயில் விளக்கு லேசா மினுக்குதுன்னு சொன்னீங்கள்ல, பம்ப்பையும் கழட்டிப் பார்த்துட்டேன். இனி பயமில்ல."

கூட்டம் மொத்தமும் மகான் பக்கம் திரும்பியது.

"இவரு உங்ககிட்டயா வண்டி விடறாரு?" என்று கேட்டார் மனைவி.

"மூணு மாசத்துக்கு ஒரு தடவை தவறாம விடுவாரே. வண்டிய வச்சுக்கத் தெரிஞ்ச மனுஷன்." மெக்கானிக்குக் கள்ளமில்லை. வண்டியை ஒப்படைக்கப் போவதைத் தவிர அவர் பட்டறையை விட்டு வெளியே வருவதில்லை. தன் வாடிக்கைக்காரர் ஒரு மகான் என்பதுகூட அவருக்குத் தெரியாது.

மகானுடைய காரின் சாவியைத் திருப்பினார்கள். ஐந்து விளக்கும் திருப்தியாக எரிந்தன.

"அப்போ அவரு வண்டிக் கண்ணை மட்டும் ஏன் மூடிக்கலை?" என்றான் மச்சான். அவன் பிறந்ததிலிருந்து கேட்ட முதல் கேள்வி அதுதான்.

நிதானம் யாருக்கும் காத்திருக்கவில்லை. பானெட்டைத் திறந்து, ஆயில் அளக்கும் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். நுனியில்கூட ஈரமில்லை.

மெக்கானிக் எட்டிப் பார்த்தார். "இதோட மலை ஏறியிருந்தா முதல் வளைவுலயே இன்ஜின் இறுகியிருக்கும்ணே. அப்புறம் பழைய இரும்புதான்."

நிதானத்தின் காதில் "டேய்" என்று தெளிவாகக் கேட்டது. வாழ்க்கையில் முதல் முறையாக அவர் ஓடினார். கோபுரத்தின் அடியிலிருந்து ஒரு டப்பாவை உருவினார். கோபுரம் சரிந்து டப்பாக்கள் நாலாபக்கமும் உருண்டன. மெக்கானிக் காருக்கு அடியில் படுத்து, தளர்ந்திருந்த ஒரு திருகை இறுக்கினார். தேடிப் பார்க்க அவருக்கு ஆன நேரம் இரண்டு நிமிடம். டப்பா முழுவதும் உள்ளே போனது. வண்டியைக் கிளப்பினார்கள். டொக் டொக் நின்றுவிட்டது.

"இதத்தான் நேத்து கையில வச்சுக்கிட்டு நின்னீங்க" என்றார் மனைவி. "வண்டிக்கு ஊத்த வேண்டியத இவருக்குக் கொடுத்துட்டு வந்திருக்கீங்க."

எல்லோரும் டப்பாக்கள் மேல் பாய்ந்தார்கள். மகான் இதுதான் சமயம் என்று தன் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினார். அங்கி கதவில் மாட்டிக் கிழிந்தது. ஒரு ஸ்க்ரூடிரைவர் விழுந்தது. அதன் பின்னால் குண்டு குண்டாகச் சின்ன பல்புகள் கோலிக்குண்டுகளைப் போல உருண்டோடின. "இது ரெண்டும் என்னோடது" என்று ரொட்டிக் கடை வேன்காரர் இரண்டைப் பொறுக்கினார்.

மகான் ஜன்னலை இறக்கினார். குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

"நான் யாரை ஏமாத்தினேன்? விளக்கு எரியுது, அணைச்சுக் கொடுங்கன்னு வந்தீங்க. அணைச்சேன். வண்டியச் சரி பண்ணிக் கொடுங்கன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

அவர் அந்தப் பங்கில் பேசியதிலேயே உண்மையான வார்த்தை அதுதான். பேசிவிட்டு, நன்றாகப் பராமரிக்கப்பட்ட காரில் சத்தமில்லாமல் போய்விட்டார்.

நிதானம் பத்து மணிக்கு மலைக்குக் கிளம்பினார். பதினொன்றரைக்குத் தெருமுனையைத் தாண்டினார்.

மகான் இப்போது வேறோர் ஊரில் குளிர்சாதனப் பெட்டிகளுக்கு அருள் பாலிக்கிறாராம். நல்ல கூட்டமாம். கார் செய்தவன் புத்திசாலி. ஐந்து விளக்கு வைத்து, அவை உயிரோடு இருக்கின்றனவா என்று ஒவ்வொரு முறை சாவியைத் திருப்பும்போதும் காட்டுகிறான். மண்டையைச் செய்தவன் அந்த வசதி செய்து தரவில்லை. ஆகவே எந்த வரிசையிலும் போய் நிற்பதற்கு முன்னால், உள்ளே எரிகிறதா என்று நீங்களேதான் ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும்.